பாரும் செயினும்

பட்டுக்கோட்டைப் பக்கம் மரம் அறுக்கும் செயின் சா மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். "பவரே இல்லண்ணே. கார்ப்ரேட்டரைக் கொஞ்சம் பாருங்க." நான் கார்ப்ரேட்டரைத் தொடுவதில்லை. ஸ்டார்ட்டர் கயிற்றையும் இழுப்பதில்லை. ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி, உள்ளே அப்பிக் கிடக்கும் மரத்தூளைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பேன். சீவல் சீவலாகத் தட்டுப்பட்டால் செயின் வெட்டுகிறது, இன்ஜினைச் சந்தேகப்படலாம். மாவாக இருந்தால் செயின் வெட்டவில்லை, மரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அநேகமாக மாவாகத்தான் இருக்கும்.

மழுங்கிய செயினை வைத்து அறுக்கிறவர் அழுத்துவார். வேறு வழியில்லை அவருக்கு. கூரான செயின் மெஷினின் எடையிலேயே மரத்துக்குள் இறங்கும், பிடித்துக்கொண்டிருந்தால் போதும். அழுத்தத் தொடங்கினால் செயின் தன்னைத் தாங்கும் பாரின் விளிம்பில் உரசிச் சூடாகிறது, எண்ணெய் கருகுகிறது, கிளட்ச் வழுக்கிப் புகைகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக அதிர்வு முழுவதும் அவர் கையில் ஏறுகிறது. சாயங்காலம் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் விரல் மரத்துப்போய் நிற்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அதை வயசு என்கிறார்கள், சர்க்கரை என்கிறார்கள். பல பேருக்கு அது மழுங்கிய செயின் கொடுத்த சம்பளம்.

சரி, செயின் மழுங்கிவிட்டது என்று தெரிந்ததும் அடுத்து வரும் வார்த்தை, "புதுச் செயின் ஒண்ணு போட்டுக் கொடுத்துருங்க." நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வருவது இதைத்தான்: செயினை மட்டும் மாற்றுவது பாதி வேலை. செயின், அது ஓடும் பார், அதை இழுக்கும் ஸ்ப்ராக்கெட், இந்த மூன்றும் சேர்ந்து தேய்கிறவை. தேய்ந்த பாரில் புதுச் செயினைப் போட்டால் பார் சரியாகிவிடாது; புதுச் செயின் கெட்டுவிடும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாமா, சாமில்லில் பட்டை ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தவர். செயின் சா இந்தப் பக்கம் பரவியதும் அதற்கு மாறினார். முதன்முதலில் ஒரு செயினை மேஜைமேல் நீட்டிப்போட்டு, கண்ணி கண்ணியாக எண்ணவைத்தார். இடம் பார்த்த பல் ஒன்று, வலம் பார்த்த பல் ஒன்று என மாறி மாறி வரும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு நிற்கும்; அதுதான் டெப்த் கேஜ். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரத்தைக் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் தீர்மானிக்கிறது. அடியில் சுறா முதுகுபோலக் கூர்ந்து நிற்பவை டிரைவ் லிங்க். பாரின் காடிக்குள் ஓடுவது அவைதான், ஸ்ப்ராக்கெட் பிடித்து இழுப்பதும் அவற்றைத்தான். இங்கே அதிகம் புழங்கும் 20 அங்குலப் பாருக்கான செயினில் 76 டிரைவ் லிங்க், 38 பல், அதாவது 19 இடம், 19 வலம். இன்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றும்போது, ஏழு பல் ஸ்ப்ராக்கெட்டில் இந்தச் செயின் நொடிக்கு 17 மீட்டர் வேகத்தில் ஓடும். கணக்குப் போட்டால் ஒரு நொடியில் 500-க்கு மேற்பட்ட பற்கள் மரத்தைக் கடந்து போகின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு சீவலை எடுத்தால்தான் அது அறுப்பு.

இந்தப் பல்லின் வடிவம் எங்கிருந்து வந்தது என்பது தென்னை வைத்திருக்கிறவர்களுக்குப் பிடிக்காத கதை. பெட்ரோலில் ஓடும் செயின் சாவை ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1929-இலேயே கொண்டுவந்துவிட்டார். ஆனால் அந்தக் காலத்துச் செயின்களில் பல் என்பது கை ரம்பத்தின் பல்தான். மரத்தைக் கீறும், அடிக்கடி தீட்ட வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ், 1946-இல் விறகு பிளக்கும்போது ஒரு வண்டின் புழு மரத்துக்குள் குடைந்து போவதைக் கவனித்தார். அதன் தாடைகள் வளைந்து, இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிக்கின்றன. நார் ஓடும் திசையிலும் போகிறது, குறுக்கேயும் போகிறது. அந்தத் தாடையைப் பார்த்து அவர் இரும்பில் செய்த பல்தான் 1947-இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க ஓடும் செயின்கள் அதன் வாரிசுகள். சிவப்புக் கூன்வண்டின் புழு தின்று சாய்த்த தென்னையை அறுக்க வரும்போதெல்லாம், அறுக்கிற பல்லும் இன்னொரு புழுவிடம் கற்றதுதான் என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

கடையில் வந்து "20 இன்ச் செயின் ஒண்ணு" என்று கேட்பவரை நான் அப்படியே அனுப்புவதில்லை. அங்குலம் பாரின் நீளம். செயினுக்கு வேண்டியவை வேறு மூன்று எண்கள். முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி. இங்கே .325 அங்குலமும் 3/8 அங்குலமும்தான் அதிகம். இரண்டாவது கேஜ்: டிரைவ் லிங்கின் தடிமன், 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று வரும். மூன்றாவது டிரைவ் லிங்க் எண்ணிக்கை. இந்த மூன்றும் பாரின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தெரியும்; தேய்ந்து மறைந்துபோயிருந்தால் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 1.5 செயின் 1.3 காடிக்குள் நுழையாது. அதனால் அந்தத் தப்பு கடையிலேயே தெரிந்துவிடும். 1.3 செயினை 1.5 காடியில் போட்டால் போய் உட்கார்ந்துகொள்ளும், ஓடவும் ஓடும். அறுப்பு மட்டும் கோணலாக வரும். ஆள் இன்ஜினைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அரம் போடுவது பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே இதைத்தான் எல்லோரும் அவசரமாகச் செய்கிறார்கள்.

முதலில் ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றுவேன். பாரை வைஸில் கவ்வி, செயினை வழக்கத்தைவிட ஒரு நூல் கூடுதலாக இழுத்துவிடுவேன்; அப்போதுதான் பல் அசையாது. பிறகு வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லின் முனையாகப் பார்க்க வேண்டும். மழுங்கிய முனை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். கூரான முனையில் வெளிச்சம் நிற்க இடமில்லை, அதனால் கோடு தெரியாது. அரம் போடுவது என்பது அந்த வெள்ளைக் கோடு மறையும்வரைதான். அதற்குமேல் ஒரு இழுப்பும் தேவையில்லை. இளைஞர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான். இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் வட்ட அரம். 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5. சின்ன மெஷின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீட்டர். அரத்தின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். கீழே இறங்கிவிட்டால் முனை கொக்கியாக வளையும். முதல் மரத்தில் பேய்போலக் கடிக்கும், இரண்டாவது மரத்தில் மழுங்கிவிடும். மேலே ஏறிவிட்டால் முனை பின்னால் சாய்ந்து மரத்தைப் பிடிக்கவே பிடிக்காது. மேல்தட்டின் சாய்வு 30 பாகை. பல செயின்களில் அதற்கான கோட்டைப் பல்லின்மேலேயே போட்டிருப்பார்கள். உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். தள்ளும்போது மட்டும் அரம் பல்லைத் தொட வேண்டும். திரும்பும்போது தூக்கிக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னும் இழுப்பவர் கையில் அரம் சீக்கிரம் செத்துப்போகும். செத்த அரத்தால் தேய்த்தால் பல் பளபளக்கும், கூர் வராது. அரத்தின் விலை சொற்பம். ஆனாலும் இந்தத் தொழிலில் அரம் வாங்கத்தான் ஆட்கள் அதிகம் யோசிக்கிறார்கள்.

பல்லின் மேல்தட்டில் ஒரு மெல்லிய குரோமியப் பூச்சு இருக்கிறது. உண்மையில் வெட்டுவது அதன் ஓரம்தான். அடியில் உள்ள இரும்பு அதைத் தாங்குகிறது. கல்லிலோ மண்ணிலோ பட்டு முனையில் அந்தப் பூச்சு உரிந்துவிட்டால், உரிந்த இடம் முழுக்கப் போகும்வரை அரம் போட வேண்டும். பாதியில் விட்டால் பார்வைக்குக் கூராக இருக்கும், ஒரு கிளை தாங்காது.

ஆணி பட்டால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்பார்கள். சாலையோரப் புளியமரம், வேப்பமரம் எல்லாவற்றிலும் விளம்பரத் தகடு அடித்த ஆணிகள் உள்ளே புதைந்து, மேலே பட்டை மூடிக் கிடக்கின்றன. ஒன்றிரண்டு பல் மட்டும் உடைந்திருந்தால் அவற்றுக்காக எல்லாப் பல்லையும் தேய்த்துக் குறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. உடைந்த பல்லை அப்படியே விட்டுவிடலாம். மற்றவை அடுத்தடுத்த தீட்டலில் குறைந்து அதன் அளவுக்கு வந்து சேரும். ஆனால் ஒரு பக்கத்துப் பற்கள் வரிசையாக அடிபட்டிருந்தால் கதை வேறு. இடப்பக்கம் குட்டையாகவும் வலப்பக்கம் நீளமாகவும் இருந்தால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும், பார் மரத்துக்குள் இறுகி நிற்கும். அப்போது இரண்டு பக்கமும் சமமாக்கித்தான் ஆக வேண்டும்.

நாலைந்து தடவை தீட்டியபிறகு டெப்த் கேஜைப் பார்க்க வேண்டும். பல்லின் மேல்தட்டு பின்னோக்கித் தாழ்ந்துகொண்டே போகும் வடிவம். தீட்டத் தீட்ட முனையின் உயரம் குறையும். முன்னால் நிற்கும் மேடு அப்படியே இருந்தால் பல் மரத்தை எட்டாது. கேஜ் தகட்டை வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் பட்டை அரத்தால் எடுத்து, முன்விளிம்பை மறுபடி உருட்டிவிட வேண்டும். பல் முனைக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் சுமார் 0.65 மில்லிமீட்டர். நகத்தின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இந்த 0.65-ஐ வைத்து இங்கே நடக்கும் ஒரு காரியம் எனக்கு ஆத்திரத்தை உண்டாக்கும். "நல்லா கடிக்கும்ணே" என்று ஆங்கிள் கிரைண்டரை எடுத்து அந்த மேட்டைச் சுத்தமாக வழித்துவிடுகிறார்கள். கடிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு பல்லும் தன்னால் எடுக்க முடியாத அளவுக்கு மரத்தைக் கவ்வும், மெஷின் உதறும், பாரின் மூக்கின் மேல்பாதி எங்கேயாவது பட்டால் மெஷின் முழுதாக அறுக்கிறவரின் முகத்தை நோக்கித் திரும்பி அடிக்கும். அந்த நேரத்தில் பிரேக் வேலை செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. கிரைண்டர் பிடித்த செயினைத் தீட்டிக் கொடு என்று கொண்டுவந்தால் நான் தீட்டுவதில்லை. சண்டை வந்தாலும் சரி. அந்தச் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது.

இனி பார். ஒருவர் செயினைப் பத்துத் தடவை பார்த்தால் பாரை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. அது வெறும் தகடு என்று நினைக்கிறார்கள். நடுவே காடி, இரண்டு பக்கமும் சுவர், மூக்கில் சின்ன ஸ்ப்ராக்கெட், வால்பக்கம் எண்ணெய்த் துளையும் டென்ஷன் ஊசிக்கான துளையும். இவ்வளவுதான் அது. ஆனால் நொடிக்கு 17 மீட்டர் வேகத்தில் ஓடும் இரும்பைத் தாங்குவது அந்த இரண்டு மெல்லிய சுவர்களின் விளிம்பு.

கழற்றியதும் பழைய ஹேக்சா பிளேடை எடுத்துக் காடியை மூக்கிலிருந்து வால்வரை சுரண்டுவேன். எண்ணெயும் தூளும் சேர்ந்து இறுகிய கறுப்புக் களிம்பு கயிறு கயிறாக வரும். எண்ணெய்த் துளையும் அதனால்தான் அடைபட்டுக் கிடக்கும். மெல்லிய கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். "ஆயில் பம்ப் போச்சு" என்று வந்த எத்தனையோ மெஷின்கள் இந்தக் கம்பிக் குத்தலிலேயே சரியாகிப் போயிருக்கின்றன.

அடுத்து விளிம்பு. விரலை நேராக ஓட்டக்கூடாது, வெட்டிவிடும். செயின் அடித்து அடித்து விளிம்பின் இரும்பு வெளிப்பக்கம் மடிந்து பிசிராக நிற்கும். பட்டை அரத்தைச் சாய்த்துப் பிடித்து நீளவாக்கில் நாலு இழுப்பு இழுத்தால் அந்தப் பிசிர் ஊசி ஊசியாக உதிரும். அதை விட்டுவைத்தால் ஒருநாள் சில்லாகப் பெயர்ந்து விளிம்பில் பள்ளம் விழும். பிறகு மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பேன். இரண்டு சுவரும் ஒரே உயரமாக இருக்கிறதா? ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் செயின் சாய்ந்து ஓடும்; எவ்வளவு அழகாகத் தீட்டினாலும் அறுப்பு வளையும். செயினைத் திரும்பத் திரும்பத் தீட்டியும் கோணல் போகாத மெஷின்களில் குற்றவாளி இதுதான். பட்டை அரத்தால் உயர்ந்த சுவரைத் தாழ்த்திச் சமப்படுத்தலாம், காடிக்கு ஆழம் மிச்சம் இருக்கும்வரை.

காடி அகன்றுவிட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. செயினை மாட்டி, ஒரு ஸ்கேலை பாரின் பக்கவாட்டிலும் பல்லின் பக்கவாட்டிலும் சேர்த்து ஒட்டிப் பிடியுங்கள். ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிந்தால் செயின் நிமிர்ந்து நிற்கிறது, காடி நன்றாக இருக்கிறது. செயின் சரிந்து, ஸ்கேல் பாரில் படிந்துவிட்டால் சுவர்கள் தேய்ந்துவிட்டன. சுத்தியலால் தட்டி ஒடுக்கித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். உருளை வைத்த கருவியால் நெருக்கினால் சில காலம் தாங்கும். சுத்தியல் அடி ஓர் இடத்தில் இறுக்கமும் ஓர் இடத்தில் தளர்வுமாகத்தான் முடியும். டிரைவ் லிங்கின் நுனி காடியின் அடியைத் தொட ஆரம்பித்துவிட்டால் எதுவும் செய்வதற்கில்லை. பார் முடிந்தது.

தேய்மானம் ஒரே பக்கமாகத்தான் வரும், ஏனென்றால் நாம் பெரும்பாலும் பாரின் அடிவிளிம்பால்தான் அறுக்கிறோம். அதற்கு இலவச மருந்து ஒன்று உண்டு. செயினைக் கழற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவது. இதைச் செய்து கொடுத்தால் சிலர் திரும்பி வருகிறார்கள். "எழுத்து தலைகீழா இருக்குண்ணே, தப்பா மாட்டிட்டீங்களா?" என்று. எழுத்து எந்தப் பக்கம் இருந்தாலும் பாருக்குக் கவலையில்லை, தம்பி, செயினின் பல் மட்டும் மேல்பக்கத்தில் மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். செயினைத் திருப்பி மாட்டிவிட்டு, புதுச் செயின் வெட்டவில்லை என்று வருகிறவர்களும் உண்டு.

பாரில் நீலம் பூத்திருந்தால் எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். எண்ணெய் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. வண்டியிலிருந்து இறக்கிய கறுப்பு வேஸ்ட் ஆயிலை ஊற்றாதீர்கள். காசு மிச்சம்தான். ஆனால் அந்த ஆயிலில் இன்ஜின் தேய்ந்து உதிர்ந்த இரும்புப் பொடி மிதக்கிறது. பம்பையும் காடியையும் அது அரைக்கும். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது 20டபிள்யூ-40 ஊற்றுங்கள், போதும். ஒவ்வொரு தடவை பெட்ரோல் ஊற்றும்போதும் ஆயிலையும் நிரப்ப வேண்டும். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, மூக்கை ஒரு வெளுத்த சாக்குக்கு நேராக, ஒரு சாண் தள்ளிப் பிடித்து முறுக்கினால் சாக்கில் ஒரு எண்ணெய்க் கீற்று விழ வேண்டும்.

ஸ்ப்ராக்கெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தால் மாற்ற வேண்டும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது பொதுக் கணக்கு. இரண்டு செயினை ஒன்றாக வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் மூன்றும் சேர்ந்து தேயும், அதுதான் நல்லது. கிளட்சைக் கழற்றத் தெரியாமல் மரையை நாசம் செய்தவர்களுக்காக ஒரு வார்த்தை: அநேக மெஷின்களில் அது இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பழைய ஸ்டார்ட்டர் கயிற்றுத் துண்டைச் சிலிண்டருக்குள் திணித்தால் பிஸ்டன் அதன்மேல் முட்டி நிற்கும். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு முட்டுக் கொடுக்காதீர்கள். பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, வேதாரண்யத்திலிருந்து பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. ஊர் ஊராக மெஷின்கள் வந்து இறங்கின. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள். செயின் தீட்டும் மின்சார கிரைண்டர்கள் எல்லாம் மூடிக்கிடந்தன. வைஸும் வட்ட அரமும் இருந்தவர்கள்தான் வேலை செய்தோம். கடை வாசலில் மேஜையைப் போட்டு, வெளிச்சம் இருக்கும்வரை அரம். அப்போது அறுக்க வந்த பையன்களில் பலருக்குக் கடற்கரை மணல் புதிது. வேரோடு பெயர்ந்த தென்னையின் அடிமரம் மண்ணில் கிடக்கும். மேலிருந்து அறுத்துக்கொண்டே வந்து, கடைசி அங்குலத்தில் மூக்கு மண்ணைத் தொடும். ஒரு நொடி போதும். காலையிலிருந்து நன்றாக ஓடிய செயின் அந்த நொடியில் முடிந்துவிடும். முக்கால்வாசி அறுத்து, மரத்தைக் கடப்பாரையால் உருட்டி, மிச்சத்தை மேலிருந்தே அறுக்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். தென்னை நார் வேறு கவருக்குள் புகுந்து கிளட்ச் டிரம்மைச் சுற்றிக்கொள்ளும். இரண்டு மரத்துக்கு ஒருமுறை கவரைத் திறந்து பிடுங்கிப்போட வேண்டியிருந்தது. சரிந்த மரத்தின் பாரத்தில் மாட்டிக்கொண்ட பாரை நெம்பி எடுத்து, முறுக்கிக்கொண்டு வந்தவர்களும் நிறைய. ஆப்பு ஒன்று இடுப்பில் இருந்திருந்தால் அந்தப் பார்கள் பிழைத்திருக்கும்.

மணல்மேல் வேலை செய்கிறவர்களுக்கும், சீமைக்கருவேல் அறுக்கிறவர்களுக்கும் முனை உருண்ட பல் உள்ள செயினைத்தான் சிபாரிசு செய்கிறேன். சதுர முனைப் பல் வேகமாக வெட்டும். ஆனால் பட்டையில் ஒட்டியிருக்கும் கரையான் மண் பட்டாலே முனை போய்விடும். உருண்ட முனை கொஞ்சம் மெதுவு, கூர் தாக்குப்பிடிக்கும்.

செயினை ரீலில் வாங்கி, வேண்டிய அளவுக்கு வெட்டி ரிவெட் அடித்துக் கொடுப்பதும் எங்கள் வேலை. 100 அடி ரீல் வாங்கினால் செயின் மலிவாக அடக்கமாகும். எல்லா நம்பிக்கையும் அந்த ஒரு ரிவெட்டின் தலையில் இருக்கிறது. சுத்தியலால் அடித்துப் பரப்பினால் கண்ணி இறுகிப்போகும். ஸ்பின்னரில் வைத்துச் சுழற்றித்தான் தலையை உருட்ட வேண்டும். முடித்ததும் அந்த மூட்டைக் கையால் மடக்கிப் பார்ப்பேன். பக்கத்து மூட்டுகள்போலத் தளர்வாக மடங்க வேண்டும், பக்கவாட்டில் ஆட்டம் கூடாது. ஒருமுறை கழற்றிய ரிவெட்டை மறுபடி அடிக்கவே கூடாது. அறுந்த பழைய செயினில் புதுக் கண்ணி சேர்த்தால், புதுப் பல்லைப் பழைய பற்களின் அளவுக்கு அரம் போட்டுத்தான் விட வேண்டும். இல்லையென்றால் சுற்றுக்கு ஒருமுறை அது மட்டும் மரத்தில் மோதும்.

மாட்டும்போது வருகிற சிக்கல்களில் பாதி, கவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது. "கவர் போகமாட்டேங்குதுண்ணே." பல மெஷின்களில் பிரேக் பட்டை கவருக்குள்ளேயே இருக்கிறது. பிரேக் போட்ட நிலையில் கழற்றினாலோ, கழற்றியபின் கைபட்டு அது அடித்துக்கொண்டாலோ, பட்டை சுருங்கி டிரம்மில் ஏறாது. கழற்றுவதற்கு முன் பிரேக்கை விடுவித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அடுத்து டென்ஷன் ஊசி பாரின் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் நட்டை முறுக்கினால் ஊசி வளையும், கவர் விரியும். நட்டுகளை முதலில் விரலால் மட்டும் இறுக்கி, பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு செயினை இழுத்துவிட்டு, தூக்கிய நிலையிலேயே நட்டை இறுக்க வேண்டும். தூக்காமல் இறுக்கினால் முதல் மரத்தில் பார் மேலே எழும்பி, செயின் தொங்கிவிடும். அடிப்பக்கம் செயின் பாரை ஒட்டி நிற்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். நடுவில் பிடித்து இழுத்துவிட்டால் டப்பென்று திரும்பி ஒட்ட வேண்டும்.

புதுச் செயினை முந்தின இரவே எண்ணெயில் ஊறப்போட்டு, முதல் சில நிமிடம் மரத்தில் வைக்காமல் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஆறியபின் மறுபடி இழுத்துவிட்டால் பிறகு அதிகம் தளராது. வேலை நடக்கும்போது செயின் சூடாகி நீளும். அப்போது இழுத்து இறுக்குவது சரிதான். ஆனால் வேலை முடிந்ததும் அதைத் தளர்த்திவிட வேண்டும். சூட்டில் இறுக்கிய செயின் ராத்திரி ஆறும்போது சுருங்கி, பாரையும் கிராங்க் பேரிங்கையும் நெரித்துக்கொண்டு கிடக்கும். பேரிங் போனால் செலவு செயினின் விலையோடு நிற்காது.

தளர்த்தியவருக்கும் மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்கிறவருக்கும் நடுவே தகவல் போகாததால் செயின் கழன்று அடித்த சம்பவங்கள் உண்டு. ஒரே மெஷினை இரண்டு மூன்று பேர் மாற்றிப் பிடிக்கும் இடங்களில் இது சகஜம். அதனால் செயினைத் தளர்த்தியதும் நட்டு ஸ்பேனரை ஒரு கயிற்றில் கோத்து முன்கைப்பிடியிலேயே கட்டிவிடச் சொல்கிறேன். அதை அவிழ்க்காமல் மெஷினைப் பிடிக்க முடியாது. கையில் எடுத்த ஸ்பேனரால் செயினை இழுத்துவிட்டு, அதன்பிறகு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கலாம்.